உங்கள் படைப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா?
பெண் கலைஞர்களுக்குச் சமூக வலைத்தளம்: ஓர் எளிய அறிமுகம்

மலாய் மொழியில் கட்டம் போட்ட கைலிக்கு 'காயின் பெலிக்காட்' என்று பெயர். இந்தப் பெலிக்காட் வேறொன்றும் இல்லை, நம்முடைய பழவேற்காடுதான். வெள்ளைக்காரர் வாயில் புலிகாட் ஆகி, கடல் கடந்து பெலிக்காட் ஆகிவிட்டது. 1613-ல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டிய காலத்தில் இங்கிருந்து கப்பல் கப்பலாகத் துணி போனது. ஊரின் பெயர் இன்றும் மலேசியக் கடைகளில் இருக்கிறது. நூல் நூற்ற பெண்கள், நெய்தவர்கள், சாயம் தோய்த்தவர்கள் பெயர் மட்டும் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

கம்ப்யூட்டர் பத்திரிகையில் கைலிக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? வேலை இருக்கிறது. ஒரு பொருளைச் செய்பவரின் பெயர் அந்தப் பொருளோடு சேர்ந்து பயணம் செய்ய வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அன்று வழி இல்லை. இன்று உங்கள் மேசை மேல் இருக்கும் கம்ப்யூட்டரில் அந்த வழி இருக்கிறது. ஆனால் அதைச் சரியாகப் பயன்படுத்தத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நானூறு வருடத்துக்கு முன் நடந்ததேதான் இன்றும் நடக்கும், கொஞ்சம் வேகமாக.

வீட்டில் கோலம் போடும் அம்மா, படம் வரையும் தங்கை, பாட்டுப் பாடும் மனைவி, ஓலைப்பெட்டி பின்னும் அக்கா என்று யாராவது ஒருவர் உங்கள் வீட்டிலும் இருப்பார். ஏன், அது நீங்களாகவே இருக்கலாம். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

சமூக வலைத்தளம் எப்படி வேலை செய்கிறது?

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடுவோம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூட்யூப் எல்லாமே அடிப்படையில் ஒன்றுதான். எங்கோ ஒரு பெரிய கட்டடத்தில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. அவற்றை சர்வர் என்பார்கள். நீங்கள் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து 'ஷேர்' பட்டனை அழுத்தினால் அந்தப் படத்தின் ஒரு நகல் அந்த சர்வருக்குப் போகிறது. உங்களைப் பின்தொடர்பவர் தன் கம்ப்யூட்டரையோ போனையோ திறக்கும்போது அங்கிருந்து இன்னொரு நகல் அவருக்கு வருகிறது.

இதில் இரண்டு விஷயங்களை மனதில் வையுங்கள். ஒன்று, சர்வர் உங்களுடையது அல்ல. இரண்டு, போவது எல்லாம் நகல். மூலப்படம் உங்களிடம்தான் இருக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகும் பாதி விஷயங்கள் இந்த இரண்டிலிருந்துதான் வருகின்றன.

அடுத்தது ஹேஷ்டேக். ஒரு சொல்லுக்கு முன்னால் # என்ற குறியைப் போட்டால் அது ஹேஷ்டேக் ஆகிவிடும். #கோலம் என்று எழுதிப் படத்தைப் போட்டால், அதே ஹேஷ்டேக் உள்ள மற்ற பதிவுகளோடு அதுவும் சேர்த்துக் காட்டப்படும். நூலகத்தில் ஒரே தலைப்பில் உள்ள புத்தகங்களை ஒரே அலமாரியில் வைக்கிறார்கள் அல்லவா, அதைப் போல. முன்பின் தெரியாதவர் உங்கள் படைப்பைக் கண்டுபிடிக்க இது உதவும். தமிழிலும் ஹேஷ்டேக் வேலை செய்யும். ஹேஷ்டேக்கின் நடுவில் இடைவெளி விடக் கூடாது, அவ்வளவுதான்.

காட்டுப்பள்ளியில் யார் கையில் கேமரா?

எண்ணூருக்கு வடக்கே, ஒரு பக்கம் வங்கக்கடல், மறுபக்கம் பக்கிங்ஹாம் கால்வாயும் கொசஸ்தலையாற்றுக் கழிமுகமும் இருக்க, நடுவில் நீளமாகக் கிடக்கும் மணல் திட்டில் இருக்கிறது காட்டுப்பள்ளி. அதற்கும் வடக்கே பழவேற்காடு ஏரி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுதான். குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். அவற்றைப் படம் எடுக்கப் பெரிய லென்ஸுகளோடு சென்னையிலிருந்து ஆட்கள் வருவார்கள்.

பறவை மட்டும் எடுத்துவிட்டு அவர்கள் திரும்புவதில்லை. இந்தப் பகுதி நீர்நிலைகளில் இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் இறங்கி, கையாலேயே சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்த இறாலைப் போட ஓலைக்கூடையைப் பல்லால் கடித்துக் கொண்டிருப்பார்கள், இரண்டு கையும் வேலையாக இருப்பதால். பார்ப்பவருக்கு இது நல்ல படம். இணையத்தில் அது ஓடும், ஆயிரம் லைக் வாங்கும். படத்தின் கீழே எடுத்தவர் பெயர் இருக்கும். படத்தில் இருப்பவருக்கு 'மீனவப் பெண்' என்ற பெயர்தான் கிடைக்கும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி ஒரு புகைப்படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவர். படத்தில் இருப்பவர் அல்ல. நீங்கள் போட்ட கோலத்தை வேறொருவர் படம் எடுத்தால் அந்தப் புகைப்படத்துக்கு அவரே ஆசிரியர். ஆகவே முதல் பாடம் இதுதான்: உங்கள் படைப்பை நீங்களே படம் எடுங்கள்.

இந்தப் பகுதி மக்கள் இதைச் செய்தும் காட்டியிருக்கிறார்கள். காட்டுப்பள்ளித் துறைமுகம் 2013-ல் இயங்கத் தொடங்கியது. 2018-ல் அதானி குழுமம் அதை வாங்கியது. பிறகு 330 ஏக்கரில் இருந்த துறைமுகத்தை 6,111 ஏக்கராக விரிவாக்கும் திட்டம் வந்தது. 2021 ஜனவரி 22 அன்று நடக்க இருந்த மக்கள் கருத்துக்கேட்பு, எதிர்ப்புக்கு நடுவே தள்ளிவைக்கப்பட்டது. அந்த நாட்களில் மீனவ கிராமங்களிலிருந்தும் சென்னை இளைஞர்களிடமிருந்தும் வீடியோக்களும் வரைந்த போஸ்டர்களும் ஹேஷ்டேக்கோடு இணையத்தில் பரவின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்தபோதும் அதை உலகத்துக்குக் காட்டியதில் ஊர்க்காரர்களின் சாதாரண போன் கேமராக்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

துறைமுகம் வேண்டுமா வேண்டாமா என்பது இந்தப் பத்திரிகையின் வேலை இல்லை. ஆனால் 'எங்கள் ஊரை நாங்களே காட்டுகிறோம்' என்று ஒருவர் நினைத்தால் அதற்குத் தேவையானது ஒரு போனும், ஒரு கணக்கும், கொஞ்சம் விவரமும்தான் என்பதைக் கவனியுங்கள்.

வாசலில் இருந்து வையகத்துக்கு

கோலத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் மிக அதிகமான பெண்கள் தினமும் செய்யும் கலை இதுதான். அதிகாலையில் போட்டால் மாலைக்குள் காலடியில் அழிந்துவிடும். கேமரா வந்த பிறகுதான் அது நிற்கிறது.

2019 டிசம்பர் 29-ல் சென்னை பெசன்ட் நகரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான வாசகங்களோடு கோலம் போட்டவர்களைப் போலீசார் பிடித்து வைத்துப் பிறகு விடுவித்தார்கள். அடுத்த ஓரிரு நாளில் தமிழ்நாடு முழுக்கப் பல வீட்டு வாசல்களில் அதே போன்ற கோலங்கள் வந்தன. அவற்றின் படங்கள் ஃபேஸ்புக்கிலும் ட்விட்டரிலும் நிறைந்தன. 2021 ஜனவரியில் அமெரிக்காவில் ஜோ பைடனும் கமலா ஹாரிஸும் பதவியேற்றபோது, அதை வரவேற்க ஆயிரக்கணக்கான ஓடுகளில் தனித்தனியாகக் கோலம் வரைந்து ஒன்று சேர்த்தார்கள். அதை முன்னின்று நடத்தியவர்களில் சாந்தி சந்திரசேகர் என்ற ஓவியரும் ஒருவர். வரைந்தவர்களை ஒன்று சேர்த்தது இணையம்தான்.

பாட்டுக்கும் இப்படி உதாரணங்கள் உண்டு. சென்னையைச் சேர்ந்த ராப் பாடகி சோபியா அஷ்ரஃப், 2015 ஜூலையில் 'கொடைக்கானல் வோன்ட்' என்ற வீடியோவை யூட்யூபில் வெளியிட்டார். கொடைக்கானலில் இந்துஸ்தான் யூனிலீவர் நடத்திய, 2001-ல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு பற்றிய பாட்டு அது. லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் அந்த நிறுவனம் ஒப்பந்தம் செய்துகொண்டது. தொழிலாளர்கள் பல வருடங்களாக நடத்திய போராட்டமும் வழக்கும்தான் இதற்கு அடிப்படை. பாட்டு அந்தப் போராட்டத்தை ஊர் ஊராகக் கொண்டு போனது.

எண்ணூருக்குத் தெற்கே ராயபுரத்தைச் சேர்ந்த கானா பாடகி இசைவாணியை இப்போது பலருக்குத் தெரியும். கானா என்றால் ஆண்கள் பாடுவது என்றே இருந்த இடத்தில் இவர் பாடினார். 2018 ஜனவரியில் முதல் மேடை ஏறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் பாடகி. யூட்யூப் வழியாகக் குரல் பரவியது. 2020-ல் பிபிசி வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். இதே இசைவாணிக்கு இன்னொரு அனுபவமும் உண்டு. அதைப் பாதுகாப்புப் பகுதியில் சொல்கிறேன்.

கணக்கு யார் பெயரில்?

சரி, கணக்கு தொடங்கலாமா? கொஞ்சம் பொறுங்கள். அதற்கு முன் ஒரு புள்ளிவிவரம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் தாங்களே பயன்படுத்தும் செல்போன் வைத்திருக்கும் பெண்கள் 54 சதவீதம். ஒரு முறையாவது இண்டர்நெட் பயன்படுத்திய பெண்கள் 33.3 சதவீதம், ஆண்கள் 57.1 சதவீதம். அதாவது வீட்டில் போன் இருக்கும், அது அவருடையதாக இருக்காது.

பழவேற்காடு பக்கத்து கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் பெரியம்மா மகள் நன்றாகக் கோலம் போடுவார், ஓலைப்பெட்டியும் பின்னுவார். பழவேற்காட்டில் பனையோலைப் பின்னல் பெண்களின் பழைய கைத்தொழில். அவருக்கு இன்ஸ்டாகிராம் கணக்கு தொடங்கித் தரலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். மாமா போன் நம்பரைக் கொடுக்கச் சொன்னார். "அக்கா, உங்க நம்பர் குடுங்க" என்றேன். "எல்லாம் ஒண்ணுதானடா தம்பி" என்றார் அக்கா. ஒன்று இல்லை என்று அரை மணி நேரம் விளக்க வேண்டியிருந்தது.

அந்த விளக்கம் இதுதான். பாஸ்வேர்டு மறந்துபோனால் அதை மாற்றுவதற்கான ரகசிய எண், கணக்கில் பதிவு செய்த போன் நம்பருக்கோ இமெயிலுக்கோதான் வரும். அந்த நம்பர் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் உண்மையில் அந்தக் கணக்கின் சொந்தக்காரர். வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பது போன்ற கேள்வி இது. இன்று எல்லோரும் ஒற்றுமையாக இருக்கலாம். நம்பர் மாறலாம், சிம் தொலையலாம், மனம் மாறலாம். ஐந்து வருட உழைப்பை இன்னொருவர் சிம்மில் வைக்காதீர்கள்.

அக்காவுக்கு வேறொரு கவலையும் இருந்தது. "பேரு போட்டா ஊர்ல இன்னா சொல்வாங்க?" இது பல பெண்களுக்கு இருக்கும் கவலை. இதற்கு ஒரே பதில் கிடையாது. முழுப்பெயரும் முகமும் போட்டுத்தான் ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரு புனைபெயரை வைத்துக்கொண்டு, எல்லாப் படைப்பிலும் அதே பெயரைப் போட்டு வரலாம். நம் எழுத்தாளர்கள் பலர் புனைபெயரில்தான் புகழ் பெற்றார்கள். பெயர் எதுவாக இருந்தாலும் அது மாறாமல் இருப்பதுதான் முக்கியம். அக்கா தன் மகள் பெயரையும் ஊர்ப் பெயரையும் சேர்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். கைகள் மட்டும் தெரியும்படி படம் எடுத்தோம்.

படம் எடுத்துப் பதிவேற்றுவது எப்படி?

1. வெளிச்சம்: காலை 7 முதல் 9 மணி வரையிலான வெளிச்சம் நல்லது. உச்சி வெயிலில் நிழல் கறுப்பாக விழும். கோலத்தை நேர் மேலிருந்து எடுங்கள், ஸ்டூல் மேல் நின்றுகொண்டு. ஓலைப்பெட்டிக்குப் பின்னால் வெள்ளை வேட்டியை விரித்தால் போதும், ஸ்டூடியோ தேவையில்லை.

2. கம்ப்யூட்டருக்கு மாற்றுவது: போனை யூஎஸ்பி கேபிளால் இணையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி எடுக்காதீர்கள். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். வேறு வழி இல்லை என்றால் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள், சுருங்காமல் வரும்.

3. ஃபோல்டர்: டி டிரைவில் 'என் படைப்புகள்' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். அதற்குள் வருடத்துக்கு ஒரு ஃபோல்டர். மூலப்படத்தைத் தொடாதீர்கள். திருத்துவதாக இருந்தால் நகல் எடுத்து அதில் திருத்துங்கள்.

4. பெயர் எழுதுவது: விண்டோஸில் படத்தின் மேல் ரைட் க்ளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்', அதில் 'டீட்டெய்ல்ஸ்' பகுதிக்குச் செல்லுங்கள். 'ஆத்தர்ஸ்' என்ற இடத்தில் உங்கள் பெயரையும், 'காப்பிரைட்' என்ற இடத்தில் பெயரையும் வருடத்தையும் எழுதலாம். படத்தின் மேல் தெரியாது, ஃபைலுக்குள் பதிந்திருக்கும்.

5. இருப்பிடம் நீக்குவது: அதே 'டீட்டெய்ல்ஸ்' பகுதியில் 'ஜிபிஎஸ்' என்று ஒன்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் படம் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை அதில் இருக்கிறது என்று பொருள். அது உங்கள் வீட்டு முகவரிக்குச் சமம். கீழே உள்ள 'ரிமூவ் ப்ராப்பர்ட்டீஸ்' வழியாக நீக்கிவிடுங்கள். போன் கேமராவின் செட்டிங்ஸில் 'லொகேஷன்' வசதியை நிறுத்திவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

6. கையெழுத்து: பல தளங்கள் படத்தை ஏற்றும்போது ஃபைலுக்குள் இருக்கும் தகவல்களை அழித்துவிடுகின்றன. ஆகவே படத்தின் மேலும் சிறியதாகப் பெயர் இருக்கட்டும். ஓரத்தில் போட்டால் வெட்டிவிடுவார்கள். கோலத்தின் ஒரு வளைவை ஒட்டி, ஓலைப்பின்னலின் நிழலை ஒட்டி, உள்ளே தள்ளிப் போடுங்கள்.

7. பதிவேற்றுவது: கம்ப்யூட்டரில் இன்ஸ்டாகிராம் தளத்தைத் திறந்து 'கிரியேட்' பட்டனை அழுத்தி, படத்தைத் தேர்ந்தெடுங்கள். பெரும் அளவுள்ள படத்தைக் கொடுத்தாலும் 1080 பிக்சல் அகலம் போன்ற அளவுக்குச் சுருக்கித்தான் காட்டுவார்கள். 'அக்செஸிபிலிட்டி' என்ற இடத்தில் 'ஆல்ட் டெக்ஸ்ட்' எழுதுங்கள். பார்வையற்றவரின் கம்ப்யூட்டர் அதைப் படித்துக் காட்டும்.

8. விளக்கம்: கீழே நாலு வரி தமிழில் எழுதுங்கள். எத்தனை புள்ளி, எந்த ஊர்ப் பழக்கம், யாரிடம் கற்றீர்கள், எத்தனை மணி நேரம் ஆனது. இதைத்தான் வேறு யாராலும் எழுத முடியாது. விண்டோஸில் தமிழ் தட்டச்சு செய்ய 'டைம் அண்ட் லேங்குவேஜ்' செட்டிங்ஸில் தமிழைச் சேர்த்துவிட்டு, விண்டோஸ் கீயையும் ஸ்பேஸ்பாரையும் சேர்த்து அழுத்தி மாற்றிக்கொள்ளலாம்.

உரிமை யாருக்கு?

இது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. "ஃபேஸ்புக்கில் போட்டால் படம் அவர்களுக்குச் சொந்தமாகிவிடுமா?" ஆகாது. நீங்கள் கணக்கு தொடங்கும்போது, படத்தைக் காட்டவும் நகல் எடுக்கவும் அவர்களுக்கு அனுமதி தருகிறீர்கள். உரிமை உங்களிடமே இருக்கிறது. வீட்டை வாடகைக்கு விடுவது போல, பத்திரம் கைமாறுவதில்லை.

நம் நாட்டில் ஓவியத்துக்கோ பாட்டுக்கோ பதிப்புரிமை பெற எங்கும் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. படைத்த உடனே உரிமை வந்துவிடுகிறது. படைத்தவரின் ஆயுள் முழுக்கவும், அதன்பிறகு 60 வருடமும் அது நீடிக்கும். ஆனால் பரம்பரையாக வரும் கோலத்தை 'இது என்னுடையது' என்று யாரும் சொல்ல முடியாது. நீங்களாக உருவாக்கிய புதிய வடிவம் மட்டுமே உங்களுடையது. எப்போது உருவாக்கினீர்கள் என்று காட்ட, 3-வது படியில் சொன்ன ஃபோல்டரும் மூலப்படமும் உதவும்.

உங்கள் படத்தை யாராவது திருடிப் போட்டிருக்கிறார்களா என்று தெரிய வேண்டுமா? கூகுள் லென்ஸில் உங்கள் படத்தையே கொடுத்துத் தேடுங்கள். அதே படம் வேறெங்கு இருந்தாலும் பெரும்பாலும் காட்டிவிடும். திருட்டு என்றால் அந்தப் பதிவிலேயே 'ரிப்போர்ட்' என்பதை அழுத்திப் புகார் செய்யலாம்.

தொல்லை வந்தால் என்ன செய்வது?

இசைவாணிக்கு வருவோம். 2018-ல் வந்த ஒரு பாட்டுக்காக 2024 நவம்பரில் அவருக்கு ஆபாச அழைப்புகளும் மிரட்டல்களும் குவிந்தன. ஆறு வருடப் பழைய வீடியோ திடீரென்று தோண்டி எடுக்கப்பட்டது. புகழ் பெற்றவருக்கே இப்படி என்றால், நேற்று கணக்கு தொடங்கியவர் என்ன செய்வார்? பயந்து ஒதுங்க வேண்டாம். வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தானே தூங்குகிறோம்? அதைப் போலச் சில தாழ்ப்பாள்கள் இங்கும் உண்டு.

* இரட்டைப் பூட்டு: செட்டிங்ஸில் 'அக்கவுண்ட்ஸ் சென்டர்', அதில் 'பாஸ்வேர்டு அண்ட் செக்யூரிட்டி', அதில் 'டூ ஃபேக்டர் ஆதென்டிகேஷன்'. இதை இயக்கிவிட்டால் பாஸ்வேர்டு தெரிந்தவர்கூட, இரண்டாவது எண் இல்லாமல் உள்ளே வர முடியாது.

* போன் நம்பர்: அறிமுகப் பகுதியில் சொந்த நம்பரைப் போடாதீர்கள். விற்பனைக்கு நம்பர் தேவை என்றால் தனி சிம் வாங்கிக்கொள்ளுங்கள்.

* கெட்ட வார்த்தைகள்: இன்ஸ்டாகிராமில் 'ஹிடன் வேர்ட்ஸ்' என்ற வசதி உண்டு. வேண்டாத சொற்களைத் தமிழிலும், ஆங்கில எழுத்தில் எழுதப்படும் தமிழிலும் அதில் சேர்த்துவிடுங்கள். அந்தச் சொல் உள்ள கமெண்ட் மறைந்துவிடும்.

* ஆதாரம்: மிரட்டல் வந்தால் கோபத்தில் உடனே அழிக்காதீர்கள். தேதி, நேரம், அனுப்பியவர் பெயர் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஃபோல்டரில் வையுங்கள். அதன்பிறகு 'பிளாக்' செய்யுங்கள்.

* புகார்: மத்திய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. உடனடி உதவிக்குப் பெண்கள் உதவி எண் 181. பணம் பறிபோயிருந்தால் 1930.

* அந்தரங்கப் படம் என்று மிரட்டினால்: 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற இலவச இணைய சேவை 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. இதன் வேலை சுவாரசியமானது. உங்கள் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம். உங்கள் கம்ப்யூட்டரிலேயே அந்தப் படத்திலிருந்து ஒரு நீண்ட குறியீட்டு எண் கணக்கிடப்படும். அதற்கு ஹேஷ் என்று பெயர். கைரேகையைப் பார்த்து முகத்தை வரைய முடியாதது போல, ஹேஷை வைத்துப் படத்தைத் திரும்ப உருவாக்க முடியாது. அந்த எண் மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களுக்குப் போகும். அதே கைரேகை உள்ள படத்தை யாராவது ஏற்ற முயன்றால் தளம் அடையாளம் கண்டுகொள்ளும்.

விற்பனை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "ஐம்பது பெட்டி வேண்டும், முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து உங்கள் பின் நம்பரைப் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் அது நூற்றுக்கு நூறு மோசடி. யூபிஐ முறையில் பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் நம்பரைப் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகும், வராது.

கடை மூடினால்?

ஆரம்பத்தில் சொன்னேன், சர்வர் உங்களுடையது அல்ல என்று. அதன் பொருளை இப்போது பார்ப்போம். லண்டனில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பாடகி மாதங்கி அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., 2004-லேயே மைஸ்பேஸ் என்ற தளத்தில் தன் பாட்டுகளைப் போட்டார். முதல் ஆல்பம் 2005-ல்தான் வந்தது. அதற்குள் இணையத்தில் அவருக்கு ரசிகர்கள் இருந்தார்கள். அந்த மைஸ்பேஸ் என்ன ஆனது? சர்வர் மாற்றும்போது 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட பாட்டுகள் தொலைந்துவிட்டன என்று 2019-ல் அறிவித்தது. ஏறக்குறைய 5 கோடி பாட்டுகள்! ஆர்குட் 2014-ல் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019-ல் மூடப்பட்டது. 2020 ஜூன் 29-ல் இந்திய அரசு 59 செயலிகளுக்குத் தடை விதித்தபோது டிக்டாக்கும் போனது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் அதில் ஆடியும் பாடியும் பெயர் பெற்ற பெண்களுக்கு ஒரே இரவில் மேடை இல்லாமல் போனது.

ஆகவே, போட்டதெல்லாம் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கட்டும். அதன் இன்னொரு நகல் பென்டிரைவிலோ எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்கிலோ இருக்கட்டும். ஒரு படம் 4 எம்பி என்றால் 64 ஜிபி பென்டிரைவில் சுமார் 15,000 படங்கள் கொள்ளும். தினமும் ஒரு கோலம் போட்டாலும் நாற்பது வருடத்துக்குப் போதும். பென்டிரைவ் அத்தனை வருடம் உழைக்காது என்பதால் சில வருடத்துக்கு ஒரு முறை புதியதற்கு மாற்றிவிடுங்கள். இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் உங்கள் தகவல்களின் நகலைப் பெறும் வசதி உண்டு. நீங்கள் எழுதிய விளக்கங்களோடு எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளலாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை செய்யுங்கள், பொங்கலுக்கு ஒன்று, ஆடிப்பெருக்குக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

லைக் குறைவாக வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். எதை யாருக்குக் காட்டுவது என்பதை ஒரு புரோகிராம்தான் தீர்மானிக்கிறது. அது உங்கள் கலைக்கு மார்க் போடும் வாத்தியார் அல்ல. என் அக்காவின் கணக்கை இன்று இருநூற்றுச் சொச்சம் பேர்தான் பின்தொடர்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு பெட்டிக்குக் கீழேயும் அதை யார் பின்னினார்கள், எந்த மரத்து ஓலை, யார் சொல்லிக்கொடுத்தது என்று அவரே எழுதியிருக்கிறார்.

இன்றைக்கு ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். ஏதாவது ஒரு படைப்பைப் படம் எடுத்து, ஃபோல்டரில் சேமித்து, ரைட் க்ளிக் செய்து 'ஆத்தர்ஸ்' பகுதியில் பெயரை எழுதுங்கள். இண்டர்நெட் இணைப்புகூடத் தேவையில்லை. மற்றதை நாளை பார்த்துக்கொள்ளலாம்.